விளைவு மாறியை இரண்டாக வெட்டலாமா? வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் முதுநிலை நர்சிங் படிக்கிறேன். திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் சர்க்கரை நோயாளிகள் 60 பேர். பாதிப் பேருக்கு மூன்று மாத நடைப்பயிற்சி, மீதிப் பேர் வழக்கம்போல. ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சதவீதத்தில் காட்டும் ரத்தப் பரிசோதனை) முன்னும் பின்னும் எடுத்தாயிற்று. அதுதான் விளைவு மாறி, அதாவது பயிற்சியின் பலனை அளக்கும் எண்.

வழிகாட்டி, 7-க்குக் கீழே என்றால் ‘கட்டுப்பாட்டில்’, மற்றது ‘இல்லை’ என்று பிரித்து லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஆம்/இல்லை என்ற விளைவுக்கான புள்ளியியல் கணக்கு) போடச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. 6.9-ம் 7.1-ம் வேறு, ஆனால் 7.1-ம் 11-ம் ஒன்றா? 11-லிருந்து 8-க்கு இறங்கிய பூக்கட்டும் அக்கா கணக்கிலேயே வரமாட்டார். (ஒருநாள்கூட நடையைத் தவறவிடாதவர் அவர்!)

எண்ணை எண்ணாகவே வைத்து, ஆரம்ப அளவையும் சேர்த்து லீனியர் ரிக்ரஷன் போட்டால் போதுமா? அப்புறம், இதை அவரிடம் பக்குவமாக எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை கமிட்டி.