உயர்மின் கோபுரத்துக்குக் குழி தோண்டும் முன் தொல்லியல் ஆய்வு கட்டாயமா?

நொய்யல்கரையான்:
எங்கள் தோட்டத்துக் கிழக்கு மேட்டில் ஒரு கல்வட்டம் இருந்தது, பழங்கால ஈமக்குழியைச் சுற்றி வட்டமாக நட்ட கற்கள். பாண்டவர் குழி என்பார் தாத்தா. அதன்மேல் ஏர் ஓட்ட விடமாட்டார். போன வருடம் உயர்மின் கோபுரம் நட வந்தார்கள். கோபுரம் நிற்பது அறுபது மீட்டர் தள்ளித்தான். ஆனால் பொக்லைனுக்குப் பாதை போட்டபோது வட்டக் கற்களைப் பெயர்த்து ஓடையில் தள்ளிவிட்டார்கள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகள் பாதை நெடுகச் சிதறிக் கிடந்தன. முன்கூட்டி ஒருவராவது வந்து பார்த்திருக்கக் கூடாதா? மின்தடம் முடிவாகும் முன்பே தொல்லியல் ஆய்வைக் கட்டாயமாக்க வேண்டும்.

கம்பிவடம்:
படிக்கவே வருத்தமாக இருக்கிறது ஐயா. ஆனாலும் கட்டாயம் என்பதை ஏற்க மாட்டேன். இருபது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். 400 கிலோவோல்ட் தடத்தில் ஏறத்தாழ 400 மீட்டருக்கு ஒரு கோபுரம். நான்கு கால், நான்கு குழி. சாலையும் கால்வாயும் போல நிலம் முழுவதையும் கிளறுவதில்லை. முப்பந்தல் பக்கம் காற்று வீசும் மாதங்களில் மின்சாரத்தைக் கொண்டுபோகத் தடம் போதாமல் காற்றாலைகளை நிறுத்திவைத்த காலம் உண்டு. இன்னொரு துறையின் அனுமதிக்கும் காத்துக்கிடக்க வேண்டுமா? பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும் என்று ஏற்கெனவே சட்டம் இருக்கிறது.

தாழி:
அந்தச் சட்டம் காப்பது பட்டியலில் ஏறிய இடங்களை மட்டும். ஐயா தோட்டத்துக் கல்வட்டம் எந்தப் பட்டியலில் இருந்தது? சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டங்களைச் சொல்லும் 2006 அறிவிக்கையின் அட்டவணையில் மின்தடங்களே இல்லை. தந்திக் கம்பிகளுக்காக வந்த 1885 தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின்தடத்துக்கும் காட்டி, நிலத்தைக் கையகப்படுத்தாமலேயே கோபுரம் நட்டார்கள். கொடுமணலும் இதே நொய்யல் கரையில்தான் இருக்கிறது, அண்ணா. கல்மணி செய்த பட்டறைகளும் ஈமக்குழிகளும் அங்கே வெளிப்பட்டது அகழ்ந்து பார்த்ததால்தான்.

கம்பிவடம்:
மேலே நடந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா தம்பி? இறந்தவர்களை வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூர்த் தாழிகள் மண்ணுக்கு அடியில் அல்லவா இருந்தன? தடத்தை வளைத்தால், திருப்பத்தில் நிற்கும் கோபுரத்துக்கு இரும்பும் கான்கிரீட்டும் கூடும். அந்தச் செலவு மின்கட்டணத்தில்தான் வந்து விழும்.

தாழி:
அடியில் இருப்பது தெரியாது என்பதால்தான் குழி தோண்டும்போதும் ஒருவர் அருகில் நிற்க வேண்டும் என்கிறோம். இங்கிலாந்தில் 1990 முதல் கட்டுபவரே ஆய்வுச் செலவையும் ஏற்கும் நடைமுறை இருக்கிறது. தடத்தை வளைக்கவும் வேண்டாம். அதே நேர்கோட்டில் கோபுரத்தைச் சற்று முன்னே பின்னே நகர்த்தினால் போதும். கிணறு குறுக்கிட்டால் நகர்த்துகிறீர்கள்தானே?

கம்பிவடம்:
நகர்த்துகிறோம். பாதை விஷயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நான் வேலை பார்த்த இடங்களில் வண்டி வரும் வழியை யாரும் வரைபடத்தில் குறித்ததில்லை. ஆய்வாளர் வரட்டும், குறித்துத் தரட்டும். வேலையை நிறுத்தும் அதிகாரம் மட்டும் கூடாது.

நொய்யல்கரையான்:
நிறுத்த முடியாதவர் பேச்சைப் பொக்லைன்காரர் கேட்பாரா? அன்றைக்கு நானும்தான் குறுக்கே நின்று சொன்னேன். கற்கள் இன்னும் ஓடையில்தான் கிடக்கின்றன. நேற்று இறங்கி எண்ணினேன், பதினொன்று.