பள்ளிப் பேருந்து வீடு: பின்கதவை அடைத்துக் கட்டில் போடுவது சரியா?

பாலைவனப் பயணி:
ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பாலைவனம் முழுக்க வண்டி வீடுகள்தான். பழைய பள்ளிப் பேருந்தைத் தன் கையாலேயே வீடாக்கிய ஒருவர் எங்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மர வேலை அத்தனை நேர்த்தி. முன்கதவுப் படிக்குப் பக்கத்தில் விறகடுப்பு, கடைக்கோடியில் கட்டில். பின்னால் இருந்த அவசரக் கதவின் மேல் பிளைவுட் அடித்துப் புத்தக அலமாரி மாட்டியிருந்தார். சன்னல்களில் பாதிக்கு மேல் தகரம் வைத்து மூடிவிட்டார், கூரையில் இருந்த இரண்டு அவசர மூடிகளும் சோலார் பேனலுக்கு அடியில். கேட்டால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார், எல்லாமே நியாயமான காரணம்: குளிர் வரக் கூடாது, மின்சாரம் வேண்டும், புத்தகம் வைக்க இடம் வேண்டும். ஆனால் வெளியே வந்து யோசித்தால், ராத்திரி கட்டிலில் படுத்திருப்பவர் தப்பிக்க ஒரே ஒரு வழிதான் மிச்சம், அந்த வழியில்தான் அடுப்பு நிற்கிறது. ஏன் இத்தனை பேர் இப்படியே கட்டுகிறார்கள்?

நெட்டையன்:
நானும் அப்படித்தான் கட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பின்சக்கர மேடு வரும் இடத்தில் வேறு எதுவும் சரியாக உட்காராது. கட்டிலைப் பின்னால் குறுக்கே போட்டால்தான் அடியில் தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் வைக்க முடியும். இது இனிமேல் 60 பிள்ளைகள் போகும் வண்டி இல்லை, நானும் மனைவியும் மட்டும். அடுப்பைக் குறை சொல்பவர்கள் கொலராடோ மலையில் டிசம்பர் இரவைக் கழித்துப் பார்க்க வேண்டும். டீசல் ஹீட்டருக்கு ஃபேன், பம்ப் எல்லாம் ஓட மின்சாரம் வேண்டும், மூன்று நாள் மேகமூட்டமாக இருந்தால் பேட்டரி காலி. விறகுக்கு அந்தக் கவலையே இல்லை. அப்புறம், ஒரே வாசல் உள்ள அடுக்ககத்தில் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குகிறோம்?

பாலைவனப் பயணி:
அடுக்ககத்தோடு ஒப்பிடாதீர்கள். அங்கே தீ சீக்கிரம் பரவாதபடி சுவர் கட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இது ஏழரை அடி அகலக் குழாய், உள்ளே முழுக்கப் பைன் பலகை. 1988 மே 14 அன்று கென்டக்கியில் கரோல்டன் அருகே நடந்ததைப் படித்திருக்கிறீர்களா? பள்ளியிலிருந்து கழித்துவிட்ட பஸ், ஒரு தேவாலயம் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தது. குடித்துவிட்டு எதிர்த்திசையில் வந்தவனின் பிக்கப் மோதி, முன்கதவு அடைபட்டு, பெட்ரோல் டேங்கு தீப்பிடித்தது. பெரும்பாலானவர்கள் அந்த ஒரே பின்கதவை நோக்கித்தான் முண்டியடித்தார்கள். 27 பேர் இறந்தார்கள், மோதிய அடியால் இல்லை, தீயாலும் புகையாலும். அந்தக் கதவும் இல்லாமல் இருந்திருந்தால்? நீங்கள் அடைத்து வைத்திருப்பதும் அதே மாதிரிக் கதவைத்தான்.

இரும்புப்பட்டறை:
வெல்டிங் வேலை செய்பவன், இதுவரை நாலு பஸ்ஸுக்குக் கூரை உயர்த்திக் கொடுத்திருக்கிறேன். 1977-ல் அமெரிக்காவில் பள்ளிப் பேருந்துகளுக்கு வந்த விதிப்படி, காலி வண்டியின் எடையைப் போல ஒன்றரை மடங்கு பாரத்தைக் கூரை தாங்க வேண்டும், அந்தப் பாரம் மேலே இருக்கும்போதே அவசரக் கதவு திறக்கவும் வேண்டும். அப்படிச் சோதித்துச் செய்த கதவை நாலு ஸ்க்ரூவில் முடக்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கூரை உயர்த்துவதை நான் தப்பு சொல்ல மாட்டேன், கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை வெட்டிய இடத்தில் உள்ளே இரும்புச் செருகி, சுற்றிலும் முழுசாக வெல்டிங் பிடித்தால் நிற்கும். ஆனால் உயர்த்திய பிறகு பெரிய வீட்டுச் சன்னல் வைக்க வேண்டும் என்று இரண்டு சட்டங்களை நடுவில் அறுத்து எடுக்கச் சொல்கிறார்கள். அதை நான் செய்து கொடுப்பதில்லை. அதன் மேல் மொட்டைமாடி வேறு கேட்கிறார்கள். பல மாநிலங்களில் வண்டி உயரம் 13 அடி 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அதை விடுங்கள், வளைவில் திரும்பும்போது அந்த மேல்பாரம் எங்கே போகும்?

தீ அடுப்பில்தான் தொடங்கும் என்றும் நினைக்காதீர்கள். போன மாதம் ஒரு வண்டி வந்தது, மலைப்பாதை போய்வந்த பிறகு ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று. பிளக் பெட்டியைக் கழற்றினேன். வீட்டுச் சுவருக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர், குலுங்கிக் குலுங்கி ஸ்க்ரூவிலிருந்து பாதி நழுவியிருக்கிறது, சுற்றியிருந்த பிளாஸ்டிக் டீக்கறை நிறத்தில் கருகியிருந்தது. அதற்கு ஒரு விரற்கடை பின்னால் காய்ந்த பலகை. ஓடுகிற வண்டிக்குப் பல இழை வயர்தான் போட வேண்டும். அந்தப் பெட்டி இருந்ததும் நடு வண்டியில், அதாவது கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில்.

மலர்:
நெட்டையன் அண்ணா, எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், அடுக்குக் கட்டில் பின்னால்தான். நாங்கள் குறுக்கே போடாமல் இரண்டு பக்கமும் நீளவாக்கில் போட்டு நடுவில் 22 அங்குலம் விட்டோம், கதவு நேராகத் திறக்கும். இடம் குறைந்ததுதான், ஆனால் சாயங்காலம் பின்கதவைத் திறந்து வைத்தால் அதுதான் எங்கள் திண்ணை. பெரியவளைக் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைத் தேடித் திறக்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன்.

நெட்டையன்:
அடுப்பை எடுக்க மாட்டேன், அதில் நான் மாறவில்லை. சுற்றிலும் இடைவெளி விட்டு, தகரத் தடுப்பு வைத்து, தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன், புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு கருவியும் தலைமாட்டிலேயே இருக்கின்றன. ஆனால் வயர் விஷயம் என்னை உறுத்துகிறது, என் வண்டியிலும் ஒற்றைக் கம்பிதான். நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலிலிருந்து முன்கதவு வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன், சமையல் மேடை முனையில் இடுப்பை இடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். குறுக்குக் கட்டிலை மாற்ற முடியாது, அடியில் தொட்டி இருக்கிறது. தலைப்பக்கப் பலகையைக் கீல் வைத்து மடக்கினால் கதவு கிடைக்கும் என்று தோன்றுகிறது. உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றிக் கருவிப்பெட்டியில்தான் போட்டிருக்கிறேன். பட்டறை அண்ணே, அதைத் திரும்ப மாட்ட உள்ளே இருக்கும் தாழ்க்கம்பியையும் மாற்ற வேண்டுமா?

இரும்புப்பட்டறை:
துருப் பிடிக்காமல் இருந்தால் கிரீஸ் போட்டால் போதும். மாட்டிவிட்டுக் கட்டிலில் படுத்தபடியே கை எட்டுகிறதா என்று பாருங்கள்.