காட்பாடி – பெங்களூரு: போகும்போது 89% செலவு, வரும்போது 61%. பேட்டரியில் கோளாறா?

காட்பாடிக்காரன்:
வணக்கம். எலக்ட்ரிக் கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பேட்டரி 40.5 யூனிட். வேலூர், குடியாத்தம், திருவண்ணாமலை என்று ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. ஆடி கடைசியில் மகள் வீட்டுக்கு முதல் தடவையாக அதில் போனோம். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம், வாசலிலிருந்து வாசல் 195 கி.மீ. நான்கு பேர், ஏசி போட்டு, 95-100 வேகம்.

கிளம்பும்போது 100%, மீட்டர் 290 கி.மீ. போகும் என்றது. கிருஷ்ணகிரியில் 46%. மேலுமலை ஏறும்போது எண் கண்ணெதிரே குறைந்தது. ஓசூரில் 20%. அங்கே ஒரு சார்ஜரில் கன் (காரில் செருகும் கைப்பிடி) மாட்டினால் நான்கு நிமிடத்தில் நின்றுவிட்டது, மறுபடி மாட்டினாலும் அதே கதை. மெதுவாக ஓட்டி 11 சதவீதத்தோடு போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் திரும்பி வரும்போது அதே சாலை, அதே நான்கு பேர். 100 சதவீதத்தில் கிளம்பி, நடுவில் சார்ஜே போடாமல், வீட்டுக்கு வந்தபோது 39% மிச்சம்! சர்வீஸ் சென்டரில் பார்த்து ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆவணி கடைசியில் மகளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும். ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியை வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்க முடியாது. இந்தக் காரை நம்பிப் போகலாமா, வாடகைக்கு டீசல் வண்டி எடுப்பதா?

சத்துவாச்சாரி:
ஒரே தூரத்துக்கு 28% வித்தியாசம் என்றால் பேட்டரியில் ஏதோ செல் போய்விட்டது. எழுதிக் கொடுத்து வாரண்டியில் மாற்றச் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை மின்னியல்:
அண்ணா, அவசரப்பட்டு எழுதிக் கொடுக்க வேண்டாம். செல் போயிருந்தால் வரும்போதும் இடித்திருக்கும். போகும்போது மட்டும் பழுது, வரும்போது சரி என்று எந்தப் பேட்டரியும் இருக்காது. மாதம் ஒருமுறை நானும் இதே சாலையில் இதே அளவு பேட்டரியோடு போகிறேன். கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் மேடு. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டரை ஒட்டி இருக்கிறது. கிருஷ்ணகிரி சுமார் 500. ஓசூரும் பெங்களூரும் 900-ஐ ஒட்டி. ஏலகிரி மாதிரி கொண்டை ஊசி வளைவு இல்லாததால் நமக்கு மலை ஏறுகிற நினைப்பே வராது, ஆனால் 700 மீட்டர் ஏறுகிறோம். ஆட்களோடு கார் 1,750 கிலோ என்று வையுங்கள். அதை 700 மீட்டர் தூக்க 3.3 யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 4. உங்கள் பேட்டரியில் பத்து சதவீதம் இதற்கே போச்சு. வரும்போது இறக்கத்தில் இதில் பெரும்பகுதி உங்களுக்குத் திரும்பிக் கிடைக்கிறது. அதனால் போக வர வித்தியாசம் இதில் மட்டுமே 6 யூனிட்டை ஒட்டி வரும்.

அடுத்தது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வீசும், நீங்கள் போனதும் மேற்கே. காற்று தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும். 95-ல் ஓட்டும்போது எதிர்க்காற்று 15 கி.மீ. அடித்தால் கார் 110 வேகக் காற்றைக் கிழிக்க வேண்டும். தடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வரும்போது அதே காற்று முதுகில் தள்ளிவிட்டிருக்கிறது.

மீட்டர் சொன்ன 290-ஐ மறந்துவிடுங்கள். நீங்கள் முந்தைய நாட்களில் காட்பாடிக்குள் 40 வேகத்தில் ஓட்டியதை வைத்து அது சொல்கிறது. மேலுமலை அதற்குத் தெரியாது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை கி.மீ. என்று மட்டும் பாருங்கள். போகும்போது உங்களுக்கு 5.4, வரும்போது 7.9. இரண்டுமே இந்தச் சாலைக்கு நியாயமான எண்.

வாணியம்பாடி டாக்ஸி:
ராணிப்பேட்டை அம்மா சொல்வது அத்தனையும் சரி. சார், நீங்கள் செய்த தப்பு கிருஷ்ணகிரியில் 46% பார்த்துவிட்டு நிற்காமல் போனது. பெரிய மேடு இனிமேல்தான் என்று தெரிந்திருந்தால் நின்றிருப்பீர்கள். எப்போதும் ஏற்றத்துக்கு முன்னால் போட வேண்டும், ஏறிய பிறகு தேடக் கூடாது. கிருஷ்ணகிரியைச் சுற்றி ஒன்றுக்கு இரண்டாகச் சார்ஜர் இருக்கிறது. ஒன்று படுத்தாலும் அடுத்ததுக்குப் போகிற அளவு கையில் இருக்கும்போதே நிற்க வேண்டும்.

நான்கு நிமிடத்தில் நின்றது பெரும்பாலும் கன் சரியாக உட்காராததுதான். வேகமாக ஏற்றும் டிசி சார்ஜரின் கேபிள் கனமானது, மாட்டியதும் கன்னைக் கீழே இழுக்கும். உள்ளே முனை லேசாகச் சாய்ந்தாலும் காரும் மெஷினும் பேசிக்கொள்வது அறுந்து போகும். கன்னைச் செருகி, கீழே ஒரு கை கொடுத்து மேலே தூக்கிப் பிடியுங்கள். ‘டக்’ என்று பூட்டு விழும். அதன் பிறகும் திரையில் யூனிட் ஓட ஆரம்பிக்கும் வரை கையை எடுக்காதீர்கள். எனக்குப் பத்துக்கு ஏழு தடவை இதிலேயே சரியாகிவிடும்.

மெஷின் செத்த மாதிரி நின்றால் முகப்பில் காளான் மாதிரி இருக்கும் சிவப்புப் பொத்தானைப் பாருங்கள். யாராவது அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். உதவி எண்ணில் கேட்டுவிட்டு, திருகி விடுவித்தால் உயிர் வரும்.

அப்புறம், ஒரே மெஷினில் இரண்டு கன் இருந்து பக்கத்தில் இன்னொரு வண்டியும் நின்றால் வேகம் பாதியாகலாம். 80 சதவீதத்துக்கு மேல் எப்படியும் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். 80-ல் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

பேரணாம்பட்டு:
குடியாத்தம், பேரணாம்பட்டு, வி.கோட்டா, கோலார் தங்கவயல் வழி எப்படி? நெரிசல் குறைவு.

வாணியம்பாடி டாக்ஸி:
டீசலுக்கு நல்ல வழி தம்பி. பேரணாம்பட்டு தாண்டியதும் மலைப்பாதை செங்குத்தாக ஏறும், சார்ஜர் நெருக்கமும் அந்தப் பக்கம் இல்லை. பிள்ளைத்தாச்சியோடு வளைவும் வேண்டாம்.

ராணிப்பேட்டை மின்னியல்:
அண்ணா, பெங்களூரில் மகள் வீட்டில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா? அதில் மணிக்கு 3 யூனிட் ஏறும். இரவு முழுக்க மாட்டினால் காலையில் நிறைந்துவிடும். பிளக் பழையது என்றால் முன்கூட்டியே எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தையும் ஒயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டி அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் கழற்றிவிட வேண்டும்.

போகும் நாளில் டயர் காற்றை டிரைவர் கதவு ஓரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். 80 வேகத்தைத் தாண்டாதீர்கள். 100-ஐ விட 80-ல் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். சார்ஜர் செயலிகளில் முதல் நாளே வாலட்டில் பணம் போட்டு வையுங்கள். பிளக்‌ஷேர் செயலியில் அந்த மெஷினில் கடைசியாக யார் எப்போது சார்ஜ் போட்டார்கள் என்று பாருங்கள். ஒரு வாரமாக யாரும் போடாத மெஷினை நம்ப வேண்டாம்.

மகளை அழைத்து வரும்போது பேட்டரிக்காக அல்ல, அவளுக்காகவே ஒன்றரை மணிக்கு ஒருமுறை நில்லுங்கள். அவள் இறங்கி நடக்க வேண்டும். டீசல் வண்டி எடுத்தாலும் அதைச் செய்யத்தான் வேண்டும்.

காட்பாடிக்காரன்:
போய் வந்துவிட்டோம். நான்கு வாரம் முன்பு நான் இருந்த மனநிலையில் யாராவது இருந்தால் உதவும் என்று எண்களை எழுதுகிறேன்.

100 சதவீதத்தில் கிளம்பி, 80 வேகத்தில் கிருஷ்ணகிரி போனபோது 55%. கன் முதல் தடவை நின்றது. தூக்கிப் பிடித்து மாட்டினேன், பூட்டு விழும் சத்தம் கேட்டது, ஓட ஆரம்பித்தது. காபி குடித்து முடிப்பதற்குள் 80%. ஓசூரில் 59%. மகள் வீட்டில் 51%. மேலுமலையில் எண் குறைந்தபோது இந்த முறை மனைவியே, “மேடுதானே, குறையட்டும்” என்றாள்.

மகள் வீட்டுப் பிளக் சூடானது. மாப்பிள்ளை மறுநாளே ஆள் வைத்துப் புது ஒயர் இழுத்துவிட்டார்.

திரும்பும்போது ஐந்து பேர், டிக்கி நிறையச் சீர்த் தட்டுகள். கிருஷ்ணகிரியிலும் ஆம்பூரிலும் மகளுக்காக நின்றோம். எங்கேயும் சார்ஜ் போடவில்லை. வீட்டில் 37%. ஆம்பூர் தாண்டியதும் பின்சீட்டில் வளையல் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் அம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பள்ளிகொண்டா டோலில்தான் விழித்தாள்.