மேட் ஃபினிஷுக்கு ‘மங்கல் பூச்சு’ சரியா?

வணக்கம் நண்பர்களே,

கார் பெயிண்டர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டி, பிரைமர், உப்புத்தாள் வரை சிக்கலில்லாமல் ஓடியது. ‘மேட் ஃபினிஷ்’ வந்ததும் வண்டி நின்றுவிட்டது. ‘மங்கல் பூச்சு’ என்று எழுதி, தெரிந்த பெயிண்டர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். “மங்கிப்போச்சுன்னா கஸ்டமர் சண்டைக்கு வருவாரு. அதை ஏங்க நாங்க காசு வாங்கிட்டு அடிக்கணும்?” என்றார். ‘பளபளப்பற்ற பூச்சு’ என்று போடலாமா? அத்தியாயத்தின் தலைப்பே ‘வண்டி முழுக்க ஒரே சீரான மேட் ஃபினிஷ்’ என்பதுதான். சொல் நாற்பது இடத்திலாவது வரும்.

* * *

> ‘பளபளப்பற்ற பூச்சு’ என்று போடலாமா?

வேண்டாம் என்பது என் கட்சி. ‘அற்ற’ என்று சொல்லிவிட்டால் ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று இரண்டே நிலைதான். மேட் அப்படிப்பட்டதல்ல, அதில் அளவு உண்டு. பூச்சின் பளபளப்பை அளக்க ஒரு சிறிய கருவி இருக்கிறது. பெரும்பாலும் 60 பாகைச் சாய்வில் ஒளியை விழவைத்து, எவ்வளவு நேராகத் தெறிக்கிறது என்று பார்க்கும். மெருகிட்ட கறுப்புக் கண்ணாடிக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதனோடு ஒப்பிடுவார்கள். நன்றாகப் பாலிஷ் போட்ட கார் 90-ஐ ஒட்டி நிற்கும். மேட் என்று அடித்த வண்டி 10, 20 என்று ஏதோ ஓர் எண்ணைக் காட்டும், சுழியத்தைக் காட்டாது. ஒரு கதவு 15, பக்கத்துக் கதவு 25 என்றால் இரண்டுமே ‘பளபளப்பற்றவை’தான். ஆனால் வண்டி ஒட்டுப்போட்டதுபோல இருக்கும்.

உங்கள் பெயிண்டர் சொன்னதும் நியாயம். பட்டறையில் மங்கல் என்பது குறையின் பெயர். வெயிலில் கிடந்து மங்கும். மழைக்காலத்தில் லாக்கர் (தின்னரில் கரைத்த, சீக்கிரம் உலரும் பூச்சு) அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெளிறிப்போகும். மேட் யாரும் கவனிக்காதபோது வந்து சேர்வதில்லை. பளபள பூச்சைவிட அதற்குத்தான் கைக்கட்டுப்பாடு அதிகம் வேண்டும்.

எங்கள் மாமா பட்டறையில் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சாம்பல் நிற மேட், நான்கு கதவும் ஒரே டின். மூன்று கதவு சரியாக வந்தது. நான்காவது அடிக்கும்போது மாலையாகிவிட்டது, கிளம்பும் அவசரம். முதல் கோட் சரியாக ஆறுவதற்குள் இரண்டாவதை ஏற்றிவிட்டோம், அதுவும் கொஞ்சம் தடிமனாக. காலையில் பார்த்தால் கதவின் நடுவில் திட்டுத்திட்டாக மினுக்கம். பளபள பூச்சு என்றால் வாட்டர் பேப்பர் போட்டு, பாலிஷ் போட்டுச் சரிக்கட்டிவிடலாம். மேட்டில் தேய்த்தால் தேய்த்த இடம் இன்னும் மினுங்கும். ஒரு தூசி உட்கார்ந்தாலும் அந்தப் பலகை (பேனல்) முழுவதையும் மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை. மாமா அன்றைக்கு யாரிடமும் பேசவில்லை.

காரணம் டின்னுக்குள் இருக்கிறது. மேட் கிளியரில் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சில்) மிக நுண்ணிய சிலிக்காத் தூள் கலந்திருக்கும். பூச்சு உலர்ந்து சுருங்கும்போது அந்தத் துகள்களால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் உண்டாகிறது. ஒளி நேராகத் தெறிக்காமல் நாலாபக்கமும் சிதறுகிறது. ஈரமாக, கனமாக அடித்தால் மினுக்கம் ஏறும். ஸ்ப்ரே கன்னைத் தள்ளிப் பிடித்தால் வரும் வழியிலேயே பாதி உலர்ந்து, பரப்பு சொரசொரக்கும். டின்னை அடிவரை கிளறாமல் ஊற்றினால் முதல் கப்பும் கடைசிக் கப்பும் ஒன்றாக இருக்காது. ஆகவே கனம், தூரம், கையின் வேகம், ஒரு வரிசை மேல் மறு வரிசை ஏறும் அளவு எல்லாம் கடைசிப் பலகைவரை மாறக்கூடாது. ‘சீரான’ என்று உங்கள் தலைப்பில் இருப்பதன் பாடு இவ்வளவுதான், இவ்வளவும்தான்.

அப்படியானால் நமக்கு வேண்டியது வேலையைக் காட்டும் சொல், ஒரு வினையிலிருந்து பிறந்த சொல். என் முன்மொழிவு: அடங்கொளி.

‘வெயில் அடங்கட்டும், அப்புறம் போகலாம்’ என்கிறோம். வெளிச்சம் இல்லாமல் போகவில்லை, அதன் கூச்சம்தான் தணிகிறது. மேட் வண்டியின் தோற்றமும் அதேதான். ஊறுகாய், சுடுசோறு மாதிரி அடங்கொளியும் வினைத்தொகை. சிலிக்காத் தூளை ஒளியடக்கி என்று சொல்லிவிடலாம். கிளாஸுக்கு, அதாவது பளபளப்புக்கு, நம் பொற்கொல்லர்களின் மெருகு இருக்கவே இருக்கிறது. அளவு மெருகளவு, கருவி மெருகுமானி. துணி போட்டுத் துடைத்துத் துடைத்து மினுங்கிப்போவதைத் தேய்மெருகு எனலாம். இஸ்திரி போட்டுப் போட்டு முழங்காலில் பளபளக்கும் கறுப்பு பேண்ட் நினைவுக்கு வருகிறதா?

இன்னொன்றும் வேண்டும். பள்ளியில் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: நேரே பார்த்தால் கரும்பலகை கறுப்புதான், ஓரத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று அடிக்கும், எழுத்தே தெரியாது. எங்கள் பள்ளியில் கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசினால் சில வாரம் அடங்கியிருக்கும், பிறகு பழையபடி. மேட் காரும் அப்படித்தான். அதனால்தான் மெருகளவு பத்துக்குக் கீழே போனால் கருவியை 85 பாகைக்கு மாற்றி அளக்கிறார்கள். இந்தச் சரிவுப் பார்வை மினுக்கத்துக்குச் சாய்மெருகு என்று பெயர் வைக்கலாம். வேலை முடிந்ததும் வண்டியின் பின்மூலையில் நின்று பக்கவாட்டில் பார்க்கச் சொல்லிக் கையேட்டில் ஒரு வரி சேருங்கள். கதவுக்குக் கதவு வித்தியாசம் இருந்தால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

* * *

> என் முன்மொழிவு: அடங்கொளி.

தம்பி, சொல் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெயிண்டர் வாயில் ‘மேட்டு’ ஏறி எத்தனையோ வருடமாகிவிட்டது. அந்த ஒலிக்குப் பக்கத்தில் நிற்கும் சொல்லாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும். மட்டுப்பட்ட ஒளி, ஆகவே மட்டொளி. எப்படி?

இரண்டாவது, ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே விடும் நேரத்துக்கும் சொல் வேண்டுமே. மேலே சொன்ன கதவு கெட்டதே அதனால்தானே? ‘ஆறுநேரம்’ என்று வைக்கலாமா?

* * *

ஐயா, மட்டொளியை நானும் யோசித்தேன். ‘மட்டம்’ பக்கத்திலேயே நிற்கிறது. கூடுதல் காசு கொடுத்து மேட் அடிக்கிறவரிடம் மட்டொளி என்றால் மறுபடி அதே சண்டைதான். தவிர, ஒளியடக்கி மாதிரி ஒரு பிள்ளை அதிலிருந்து பிறக்குமா? ‘ஒளிமட்டுப்படுத்தி’ என்று நீளும்.

‘ஆறுநேரம்’ பற்றி: பயிற்சிக்கு வரும் பையன் ஆறு முறை அடித்துவிட்டு வந்து நிற்பான். ‘ஆற்றிடை’ என்று சுருக்கலாமென்றால் ஆற்றிடைக்குறைதான் நினைவுக்கு வருகிறது, கார் தீவில் மாட்டிக்கொள்ளும். பட்டறையில் ‘ஆற விடு’ என்றுதான் சொல்கிறார்கள். ‘ஆறவிடும் நேரம்’ என்று அப்படியே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே சொல்லாக்கியே தீரவேண்டுமா என்ன?

* * *

இழையைத் தொடங்கியவன் மறுபடி வந்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. அதே பெயிண்டரிடம் நேற்று வாசித்துக் காட்டினேன். ஒளியடக்கியைக் கேட்டதும் சிரித்தார், “கரெக்டா அந்தப் பவுடர் செய்யற வேலைதாங்க” என்றார். அடங்கொளியை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “நான் மேட்டுன்னுதான் சொல்லுவேன். புக்குல இருந்தா புரியும்” என்றார். எனக்கு அது போதும். முதல் இடத்தில் ‘அடங்கொளி, அதாவது மேட்’ என்று எழுதிவிட்டு, அதன்பின் அடங்கொளி மட்டும் வருமாறு மாற்றிவிட்டேன். சாய்மெருகையும் எடுத்துக்கொண்டேன், பின்மூலையில் நின்று பார்க்கும் வரியோடு.

கிளம்பும்போது அவரே கேட்டார்: “சாட்டின்னு ஒண்ணு இருக்கே, மேட்டுக்கும் கிளாஸுக்கும் நடுவுல, அதுக்கு என்ன வெச்சிருக்கீங்க?” அரையடங்கொளி என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?