கிணற்று மண்ணில் போட்ட இலுப்பை, நாவல் நாற்றுகள் வளராமல் நின்றுவிட்டன. டிஏபி உரம் கொடுக்கலாமா?

செம்மண்_தம்பி:
திண்டிவனம் பக்கம் எங்கள் நிலம். வரப்போரம் நடுவதற்கு இலுப்பை, நாவல், நீர்மருது மூன்றும் பையில் போட்டிருக்கிறேன். பக்கத்துக் கொல்லையில் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். அந்தச் செம்மண்ணில் களைவிதை இருக்காது என்று அதையே தேங்காய்நார்க் கழிவோடு கலந்து நிரப்பினேன். முளைப்பு அருமை. நாலைந்து இலை வந்தது, அத்தோடு சரி. இலை சிறுத்து, அடிப்பக்கம் ஊதா ஓடுகிறது. மண் பற்றாமல் போனதால் கடைசிப் பைகளுக்கு மட்டும் வீட்டுப் பின்னால் இருக்கும் பழைய புளியமரத்தடி மண்ணைப் போட்டோம். அவை முழங்காலைத் தாண்டிவிட்டன. அதே விதை, அதே தண்ணீர். டிஏபியும், கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லி மருந்தும் வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டையும் கரைத்து ஊற்றிவிடலாமா?

வரப்பு_மாமா:
இதற்கு என்ன யோசனை? 19:19:19 உரத்தைக் கரைத்து ஊற்று. பச்சை கட்டிவிடும்.

நாற்றங்கால்_அக்கா:
தம்பி, கொஞ்சம் பொறு. உன் புளியமரம் உனக்குப் பதில் சொல்லிவிட்டது.

ஊதா நிறம் பெரும்பாலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறை. செம்மண்ணில் இரும்பு மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் இருந்தாலும் வேருக்கு வராது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் உள்ளதை உறிஞ்சியதும் அந்த இடம் காலி, தூரத்தில் இருப்பது நகர்ந்து வருவதற்குள் செடி ஏங்கிப்போகும். இங்கேதான் வேர் உட்பூசணம் வேண்டும். கடையில் வாம் என்று கேட்டால் தருவார்களே, அதுதான். வேருக்குள்ளே குடியிருந்துகொண்டு, வேர்த்தூவியை விட மெல்லிய இழைகளை வேர் எட்டாத இடத்துக்கு அனுப்பி மணிச்சத்தைக் கொண்டுவரும். சும்மா இல்லை, செடி தயாரிக்கும் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூலியாகப் போகும் என்று சொல்கிறார்கள்.

அந்தப் பூசணம் உயிருள்ள வேரை நம்பி வாழ்வது. மேல்மண்ணில்தான் இருக்கும். கிணற்றுக்குள்ளிருந்து வந்த மண்ணில் எங்கே வேர், எங்கே பூசணம்? இலுப்பையும் நாவலும் பெரிய விதை, முதல் சில இலைகளை விதையில் இருந்த சேமிப்பை வைத்தே விட்டிருக்கும். அது தீர்ந்த இடத்தில் நின்றுவிட்டது.

டிஏபி, மாமா சொன்ன 19:19:19 இரண்டிலும் மணிச்சத்து உண்டு. ஊற்றினால் வளரும், மாமா சொன்னது பொய்யில்லை. ஆனால் மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூசணத்தை வேருக்குள் சேர்ப்பதையே குறைத்துவிடும். பையில் தளதளவென்று இருக்கும் கன்று, வரப்பில் வைத்ததும் முழிக்கும். விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நடப்போகிறவன் நீ. கார்பென்டசிமைத் தொடவே தொடாதே. அது இந்தப் பூசணத்தையும் ஒடுக்கும்.

செம்மண்_தம்பி:
சரி அக்கா. அப்புறம் பூசணத்துக்கு எங்கே போவது? இங்கே கடையில் பாக்கெட் வெயிலில் கிடக்கிறது. காப்புக்காட்டு மண் ஒரு மூட்டை கிடைக்கும் என்கிறார்கள்.

நாற்றங்கால்_அக்கா:
காப்புக்காட்டில் மண் அள்ளுவது குற்றம், தவிர அங்கிருந்து வேரழுகலும் நூற்புழுவும் சேர்ந்தே வரலாம். வீட்டிலேயே புளியமரம் இருக்கும்போது எதற்கு? சருகை ஒதுக்கிவிட்டு, மெல்லிய வேர்கள் ஓடும் மேல்மண்ணை எடு. பையில் வேர் ஓரமாகக் குச்சியால் இரண்டு மூன்று குழி குத்தி, அந்த மண்ணைத் திணி. மேலே தூவினால் பிரயோசனம் குறைவு, வேரில் பட வேண்டும். நன்றாக மக்கிய தொழு உரம் கொஞ்சம் போதும். ஓரிரு மாதம் பொறு. சில பைகளை ஒன்றும் செய்யாமல் விட்டுவை, அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அடுத்த வருஷத்துக்கு நீயே பெருக்கிக்கொள்ளலாம். அந்த மண்ணைத் தொட்டியில் போட்டுச் சோளம் விதை. மூன்று மாதம் போனதும் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, தட்டையை வெட்டி எறிந்துவிட்டு, வேரையும் மண்ணையும் நறுக்கிக் கலந்து வைத்துக்கொள். பைக்கு ஒரு தேக்கரண்டி, விதைக்குக் கீழே.

சவுக்குத்தோப்பு:
அக்கா சொன்னதோடு ஒன்று. எல்லா மரத்துக்கும் ஒரே பூசணம் ஆகாது. பைன், குங்கிலியம் வகைகளுக்கு வேரை வெளியே உறைபோல மூடும் வேறு பூசணம் வேண்டும். போர்ட்டோ ரிக்கோவில் பைன் நட்டு நட்டுத் தோற்றார்கள். 1955இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து பைன்மரத்தடி மண்ணைக் கொண்டுவந்து கன்றுகளுக்கு இட்ட பிறகுதான் வளரத் தொடங்கின. எங்கள் சவுக்குக்கோ இவற்றோடு பிராங்கியா என்ற நுண்ணுயிரும் வேண்டும், காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) எடுத்துத் தருவது அதுதான். புதுக்கொல்லையில் போடும்போது பழைய தோப்பு வேர்முடிச்சை அரைத்துக் கரைத்து ஊற்றுவோம். தம்பியின் மூன்று மரத்துக்கும் புளியமரத்தடி மண் போதும்.

வரப்பு_மாமா:
அப்படியென்றால் வாங்கிய டிஏபியை என்ன செய்வது?

நாற்றங்கால்_அக்கா:
நெல்லுக்குப் போடச் சொல்லுங்கள் மாமா.