சைனஸில் பூஞ்சைக் கட்டி: மாத்திரை போதாதா, எண்டோஸ்கோப் அறுவைதான் தேவையா?

கேள்வி:
என் தாயாருக்குப் பல மாதங்களாக வலது கன்னத்தில் கனமும், அந்தப் பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்துடன் கூடிய சளியும் இருந்து வருகின்றன. சி.டி. ஸ்கேனில் கன்னத்துச் சைனஸ் (கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை) முழுதும் அடைத்திருப்பதையும் அதன் நடுவே சுண்ணாம்புப் படிவு போல வெண்மை தெரிவதையும் காட்டிய மருத்துவர், இது பூஞ்சைக் கட்டியாக இருக்கலாம், உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்க் கருவியான எண்டோஸ்கோப் மூலம் அகற்ற வேண்டும் என்கிறார். மாத்திரைகளால் கரைக்க முடியாதா? முகத்தில் தழும்பு விழுமா? கொரோனா காலத்துக் கருப்புப் பூஞ்சைதான் இதுவுமா என்று வீட்டில் எல்லோரும் அஞ்சுகிறோம்.

பதில் 1 (காது மூக்கு தொண்டை மருத்துவர்):
அச்சத்தை முதலில் விலக்கிவிடுகிறேன். கருப்புப் பூஞ்சை இரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவித் திசுக்களை அழிப்பது. அதற்கு அவசர அறுவையுடன் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தும் வேண்டும். பூஞ்சைக் கட்டியோ சைனஸின் வெற்றிடத்தில் உருண்டு திரண்டு கிடக்குமேயன்றிச் சவ்வைத் துளைக்காது. அதற்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் விழுங்கும் மருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை. ஆகவேதான் அதை எடுத்தாக வேண்டியிருக்கிறது. முழுமையாக எடுத்துவிட்டால், பொதுவாகப் பூஞ்சை மருந்தே தேவைப்படாது.

முன்பெல்லாம் மேலுதட்டின் உட்புறம் கீறி, கன்ன எலும்பில் துளையிட்டு உள்ளே நுழைவார்கள். இன்று ஏறத்தாழ 4 மி.மீ. தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை மூக்குத் துவாரம் வழியாகவே செலுத்தி, சைனஸின் இயற்கையான வாயிலை அகலப்படுத்தி, மூலைமுடுக்குகளைச் சாய்கோண லென்ஸால் பார்த்து, கட்டியை உறிஞ்சியும் கழுவியும் வெளியேற்றுகிறோம். வெளியே தழும்பு இராது. கண்குழியும் மூளையின் அடித்தளமும் மிக அருகில் இருப்பதால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணில் காயம், மூளையைச் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவட நீரின் கசிவு ஆகியவை அரிதாக நேரக்கூடும்.

பதில் 2:
என் தம்பிக்கு வந்தது ஒவ்வாமை வகைப் பூஞ்சை சைனஸ். இரு பக்கமும் மூக்குச் சதை வளர்ந்து, பசை போன்ற சளி அடைத்திருந்தது. அறுவைக்குப் பிறகும் ஸ்டீராய்டு மருந்தும் அன்றாட உப்புநீர்க் கழுவலும் தொடர்கின்றன, ஏனெனில் அந்த வகை திரும்பத் திரும்ப வரும். தங்கள் தாயாருடையது எந்த வகை என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிற்காலக் கவனிப்பு முழுவதும் அதைப் பொறுத்தே அமையும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தாயாருக்கு நீரிழிவு உண்டு. அதே பக்க மேல்பல்லில் முன்பு வேர் சிகிச்சையும் நடந்தது. இவற்றையும் சொல்ல வேண்டுமா?

பதில் 1:
இரண்டையும் கட்டாயம் சொல்லுங்கள். வேர் சிகிச்சையில் நிரப்பிய பொருள் சைனஸுக்குள் கசிந்து, அதைச் சுற்றிப் பூஞ்சை வளர்வது நாங்கள் அறிந்த ஒன்றே. பல் மருத்துவரும் அந்தப் பல்லைப் பார்க்கட்டும். நீரிழிவு இருப்பதால், எடுத்த கட்டியுடன் சைனஸ் சவ்வின் துணுக்கையும் திசுப் பரிசோதனைக்கு அனுப்பி, ஊடுருவல் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். இதற்கிடையில் கண் வீக்கமோ, பார்வை இரட்டையாகத் தெரிவதோ, முகத்தில் மரத்துப்போன உணர்வோ, மூக்கினுள் கருமையோ தோன்றினால் குறித்த அறுவைத் தேதி வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.