நாலு வயதுப் பிடிவாதம்: முதலில் நெருக்கமா, கண்டிப்பா?

மாலைத்தென்றல்:
குழந்தை அடிக்கிறது, பொருளை வீசுகிறது, "வேண்டாம்" என்றால் தரையில் புரள்கிறது என்று யாராவது எழுதினால் உடனே வரும் பதில், "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், கண்டிப்பைக் கூட்டுங்கள்" என்பதுதான். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கோபத்தை அடக்கும் மூளைப்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். நாலு வயதில் தன்னை அடக்கிக்கொள்ளக் குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவரின் நிதானம் தேவை. அது அம்மாவிடம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு நாளில் நாம் குழந்தையிடம் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். எழுந்திரு, பல் தேய், சீக்கிரம் சாப்பிடு, அதைத் தொடாதே. எல்லாமே கட்டளை. கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அம்மா முழுசாகத் திரும்பிப் பார்ப்பது எதையாவது உடைத்தால் மட்டும்தான் என்றால், குழந்தை உடைக்கத்தான் செய்யும்.

கறார்_அப்பா:
கேட்க நன்றாக இருக்கிறது சகோதரி. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? குழந்தை கத்துகிறது, அம்மா அணைத்துக்கொள்கிறார், கேட்டது கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓரிகானில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் பல ஆண்டுகள் குடும்பங்களைக் கவனித்துச் சொன்னது இதைத்தான். குழந்தை கத்தியதும் பெற்றோர் கட்டளையைக் கைவிடுகிறார்கள். கத்தினால் காரியம் நடக்கும் என்று குழந்தை கற்கிறது. விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று பெற்றோர் கற்கிறார்கள். அடுத்த முறை இரண்டு பக்கமும் இன்னும் வேகமாக அதே இடத்துக்கு வந்து நிற்கும். இதில் அன்புக்கு என்ன குறை? சொன்ன சொல்லில் நிற்காததுதான் குறை.

மாலைத்தென்றல்:
அந்தச் சுழல் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கத்தும் நேரத்தில் அணைத்துக் கேட்டதைக் கொடுங்கள் என்று யார் சொன்னது? நெருக்கத்தைச் சேர்க்க வேண்டியது அமைதியான நேரத்தில்.

உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய பெற்றோர்-குழந்தை ஊடாட்டச் சிகிச்சையைப் பாருங்கள். சுமார் 2 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கானது. முதல் கட்டம் முழுக்க விளையாட்டு. வீட்டிலும் தினம் 5 நிமிடம், குழந்தை போகும் வழியில் நாம் போக வேண்டும். கட்டளை இல்லை, குறை சொல்வது இல்லை, கேள்விகூட இல்லை. பையன் கட்டைகளை அடுக்கினால் "இது என்ன நிறம்?" என்று கேட்கக் கூடாது. அது பரீட்சை ஆகிவிடும். "நீலத்துக்கு மேலே சிவப்பை வைக்கிறாய்" என்று பார்த்ததைச் சொன்னால் போதும். அவன் "கோபுரம்" என்றால் நாமும் "ஆமாம், உயரமான கோபுரம்" என்கிறோம். சரியாமல் மெதுவாக வைத்தால், வெறுமனே "சபாஷ்" என்று நிறுத்தாமல், "மெதுவாக வைத்தாய், அது எனக்குப் பிடித்திருக்கிறது" என்று எது நன்றாக இருந்தது என்பதைச் சொல்லிப் பாராட்ட வேண்டும்.

இது கைவந்த பிறகுதான் இரண்டாம் கட்டம். அங்கே தெளிவான கட்டளை உண்டு, கேட்காவிட்டால் நாற்காலியில் சில நிமிடம் உட்கார வைப்பதும் உண்டு. நீங்கள் கேட்கும் கண்டிப்பு அதிலேயே இருக்கிறது. வரிசைதான் முக்கியம்.

இரட்டைக்குதிரை:
நீங்கள் இருவருமே குழந்தையை வெறும் களிமண்ணாகப் பார்க்கிறீர்கள். எனக்கு இரட்டைக் குழந்தைகள். ஒரே வீடு, ஒரே அம்மா. ஒருவன் சட்டையில் தண்ணீர் தெறித்தால் துடைத்துக்கொண்டு போவான். மற்றவனுக்கு அன்றைய காலையே போய்விடும். மனநல மருத்துவர்கள் தாமஸும் செஸ்ஸும் 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்டகால ஆய்வில் ஏறக்குறைய 10 விழுக்காட்டுக் குழந்தைகளைச் சமாளிக்கக் கடினமான சுபாவம் கொண்டவர்கள் என்று வகைப்படுத்தினார்கள். அந்த வித்தியாசம் கைக்குழந்தைப் பருவத்திலேயே தெரிந்தது.

அப்புறம், அம்மாவின் நெருக்கம் போதவில்லை என்ற பேச்சுக்கு ஒரு கொடுமையான வரலாறு உண்டு. ஆட்டிசத்துக்குக் காரணம் பாசமில்லாத தாய்தான் என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. 1964இல் உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் அதை எதிர்த்து எழுதும் முன்பும், அதற்குப் பிறகும், எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள்! இன்றைக்குப் பிடிவாதம் என்றாலும் விரல் அவர்கள் பக்கமே நீளுகிறது.

பாலர்வகுப்பு:
முன்பள்ளி ஆசிரியையாக ஒன்று சொல்கிறேன். வகுப்பில் நாள் முழுக்க வரிசையில் நின்று, பங்கு போட்டு, முறைக்குக் காத்திருந்த குழந்தை, வாசலில் அம்மாவைப் பார்த்ததும் பையை வீசி அழும். "உங்களிடம் மட்டும் ஒழுங்காக இருக்கிறாளே, என்னிடம்தான் ஆட்டம்" என்று அம்மா வருத்தப்படுவார். அங்கே உறவு கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடக்கிவைத்ததை எல்லாம் கொட்டப் பயமில்லாத இடம் அதுதான். அந்த நேரத்தில் "என்ன படித்தாய்?" என்று துருவாமல், பத்து நிமிடம் பேசாமல் பக்கத்தில் இருந்தாலே பல குழந்தைகள் அடங்கிவிடும்.

மாலைத்தென்றல்:
@இரட்டைக்குதிரை, சுபாவம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆய்வாளர் பாஸ்கோ ஃபியரன் குழுவினர் 2010இல், ஆய்வுகளில் பங்கேற்ற 69 குழந்தைக் குழுக்களின் முடிவுகளை, ஏறக்குறைய 6,000 குழந்தைகளை, சேர்த்துப் பார்த்தார்கள். தாயுடன் பாதுகாப்பான பிணைப்பு (பயந்தால் தாயிடம் ஆறுதல் கிடைக்கும் என்ற நம்பிக்கை) இல்லாத குழந்தைகளிடம் அடிதடி, முரண்டு அதிகம் இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை, மிதமானதுதான். ஆனால் சுபாவத்தை என்னால் மாற்ற முடியாது, வேலைநேரத்தையும் மாற்ற முடியாது. நான் விளையாடும் விதத்தை மாற்ற முடியும்.

பழியைப் பற்றி: எட் டிரோனிக் தாய்-சேய் முகபாவங்களை நுணுக்கமாக ஆராய்ந்தவர். நல்ல உறவுள்ள ஜோடிகளிலும் பெரும்பாலான நேரம் இருவரும் ஒத்துப்போவதில்லை என்று கண்டார். விலகிப் போனதும் மறுபடி சேர்வதுதான் உறவைக் கட்டுகிறது. எப்போதும் பொறுமையாக இருக்கும் அம்மாவை யாரும் கேட்கவில்லை.

இரட்டைக்குதிரை:
சரி, அந்த 5 நிமிடத்தை ஏன் அம்மாவே கொடுக்க வேண்டும்? லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல், பெற்றோர் குழந்தையோடு பழகும் விதத்தை மேம்படுத்தும் முயற்சிகள் பற்றிய 70 ஆய்வுகளைத் தொகுத்தபோது, தந்தையையும் சேர்த்துக்கொண்ட முயற்சிகள் கூடுதல் பலன் தந்தன. அப்படிப்பட்ட ஆய்வுகள் மிகச் சிலதான் இருந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன். அவை சிலதாக இருப்பதற்குக் காரணமே அப்பாவை யாரும் கூப்பிடாததுதான் என்பது என் எண்ணம்.

கறார்_அப்பா:
கூப்பிட்டால் வருகிறேன். என் சந்தேகம் வேறு. அந்த 5 நிமிடத்திலேயே பையன் கட்டையால் அடித்தால்?

மாலைத்தென்றல்:
சிணுங்கினால், முரண்டு பிடித்தால் கண்டுகொள்ளக் கூடாது. அடித்தால் விளையாட்டு அங்கேயே முடிந்தது. "அடித்ததால் இன்றைக்கு இவ்வளவுதான்" என்று குரலை உயர்த்தாமல் சொல்லி எழுந்துவிட வேண்டும். ஆனால் நாளைக்கு மறுபடியும் 5 நிமிடம் உண்டு. காலையில் தம்பியை அடித்தான் என்பதற்காக மாலை விளையாட்டைப் பறிக்கவே கூடாது. அது சன்மானம் கிடையாது.

கறார்_அப்பா:
இங்கேதான் நான் ஒத்துப்போக மாட்டேன். தம்பி நெற்றி வீங்கி நிற்கிறான், அண்ணனோடு நான் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தால் தம்பி என்ன நினைப்பான்?

பாலர்வகுப்பு:
அடித்ததற்கான விளைவு அடித்த நிமிடமே நடந்திருக்க வேண்டும். முதலில் தம்பியைத் தூக்கிக் கவனியுங்கள், அண்ணன் அதைப் பார்க்கட்டும். பிறகு அண்ணன் நாற்காலிக்குப் போகட்டும். காலையில் நடந்ததற்கு மாலையில் தண்டனை கொடுத்தால் நாலு வயதுக் குழந்தைக்கு இரண்டையும் முடிச்சுப் போடத் தெரியாது. தம்பிக்கும் தனியாக 5 நிமிடம் ஒதுக்குங்கள்.

கறார்_அப்பா:
அப்படியானால் நாற்காலி முதல் நாளிலிருந்தே வேண்டும். விளையாட்டுக் கட்டம் முடியும் வரை தம்பி அடி வாங்கக் காத்திருக்க முடியாது. வரிசை பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது.